சுவரை எடுத்த பிறகு

சென்னை ஓஎம்ஆர் சாலையில் புதிதாகத் திறக்கும் அலுவலகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே முகம். நீண்ட வெள்ளை மேசைகள், எதிரும் புதிருமாகக் கணினிகள், ஓரமாகக் கண்ணாடி அடைத்த மீட்டிங் அறைகள், மூலையில் ஒரு கேரம் போர்டு. கேபின் கிடையாது, தடுப்பு கிடையாது. எல்லோரும் கலந்து பேசத்தான் இந்த ஏற்பாடு என்று நிர்வாகம் சொல்லும். வாடகை மிச்சமாவதைப் பற்றி மட்டும் வாய் திறக்காது.

இந்த ஓப்பன் ஆபீசைச் சாடுவது இன்று சுலபம். அதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். முன்பு ஜன்னல் ஓரம் முழுவதையும் அதிகாரிகளின் கேபின்கள் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் பட்டப்பகலிலும் டியூப் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏற்பாடு ஒழிந்தது நல்லதே. புதிதாகச் சேர்ந்தவர், கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை சீனியர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதைப் பக்கத்து சீட்டில் இருந்தபடியே காதால் கேட்டுக் கற்றுக்கொள்கிறார். பயிற்சி வகுப்பில் இது கிடைக்காது.

ஆனால் கலந்து பேசுகிறார்களா? ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் இரண்டு பெரிய நிறுவனங்களில் தடுப்புகளை எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஊழியர்களுக்கு உணர்கருவி அணிவித்து அளந்தார்கள். 2018இல் வெளியான முடிவு: நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 விழுக்காடு குறைந்தது, மின்னஞ்சல் பெருகியது. இதில் ஆச்சரியம் என்ன? காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருப்பவரிடம் யார் போய்ப் பேசுவார்கள்? அடுத்த சீட்டுக்காரருக்கே சாட்டில்தான் செய்தி போகிறது. வீட்டிலிருந்து அவசர போன் வந்தால் மாடிப்படிதான் கதி. ஏசியின் இரைச்சலை மனம் தள்ளிவிடும். பக்கத்தில் ஒருவர் கடன் தவணை பற்றிப் பேசினால் தள்ள முடியாது.

அப்படியானால் தடுப்பைத் திரும்ப வைத்துவிடலாமா? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் உருவாக்கி 1968இல் வந்த ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ என்ற அலுவலக அறைகலன் தொகுப்பின் இரண்டாம் வடிவத்தில், தடுப்புகளை 120 பாகையில் விரித்து, ஊழியர் தன் வேலைக்கு ஏற்ப இடத்தை மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய நிறுவனங்கள் அவற்றை 90 பாகைக்கு மடக்கிப் பெட்டி பெட்டியாக அடுக்கின. க்யூபிக்கிள் பிறந்த கதை இதுதான். ப்ராப்ஸ்டே பிற்காலத்தில் அதைக் கண்டு கசந்து பேசினார்.

ஆகவே சுவர் இரண்டாம்பட்சம். உட்கார்ந்திருப்பவர் தன் இடத்தைத் தானே மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சாட்சி. வெறும் மேசை நாற்காலி மட்டும் இருந்த இடத்தைவிட, செடியும் படமும் வைத்த இடத்தில் வேலை கூடுதலாக நடந்தது. எதை எங்கே வைப்பது என்பதை வேலை செய்பவரிடமே விட்டபோது இன்னும் கூடியது. அவர் வைத்ததை வேறொருவர் வந்து மாற்றியதும் கூடியதெல்லாம் போயிற்று. செடி அதே செடி, படம் அதே படம்.

நெதர்லாந்தின் அப்பல்டோர்ன் நகரில் கட்டடக்கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1972இல் கட்டிமுடித்த காப்பீட்டு அலுவலகமும் திறந்த கட்டடம்தான். சின்னச் சின்ன மேடைகளாகப் பிரித்து, கான்கிரீட்டைப் பூசாமல் விட்டார். ஊழியர்கள் வீட்டிலிருந்து செடிகளையும் சாமான்களையும் கொண்டுவந்து நிரப்பினார்கள். வாசலைக் கண்டுபிடிப்பது கடினம் என்ற குறை அதற்கு இருந்தது. அந்தக் குறையை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது, கொரோனாவுக்குப் பிறகு பல நிறுவனங்கள் பிடித்துக்கொண்ட, யாருக்கும் நிலையான மேசை இல்லாத ஹாட் டெஸ்க் முறை. வாரம் இரண்டு நாள் வருபவருக்கு முழு மேசை எதற்கு என்ற கணக்கு சரிதான். ஆனால் சாமி படமும், பிளாஸ்க்கும், மகள் வரைந்த ஓவியமும் மாலைக்குள் பைக்குள் போக வேண்டும். சியாட் டே என்ற விளம்பர நிறுவனம் இதை 1990களின் நடுவிலேயே லாஸ் ஏஞ்சலிஸில் செய்து பார்த்துச் சூடுபட்டது. ஊழியர்கள் காலையில் கவுன்ட்டரில் லேப்டாப்பும் போனும் வாங்க வேண்டும், மாலையில் திருப்பித் தர வேண்டும். கருவிகள் போதவில்லை. சிலர் முந்திக்கொண்டு வாங்கிப் பதுக்கினார்கள். காகிதங்களை வைக்க இடமில்லாமல் கார் டிக்கியே அலமாரி ஆயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிறுவனம் புது அலுவலகம் கட்டி, ஆளுக்கொரு மேசை கொடுத்துவிட்டது.

ஏசி விஷயத்திலும் உட்கார்ந்திருப்பவர் கையில் எதுவும் இல்லை. குளிரின் அளவை நிர்ணயிக்கும் 1960களின் கணக்கு சராசரி ஆணின் உடலை வைத்துப் போட்டது, பெண்களுக்குப் பொருந்தாது என்று இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். சென்னையில் மே மாதத்தில்கூட நாற்காலி முதுகில் சால்வை தொங்குகிறது. காற்று வரும் துவாரத்தில் யாரோ அட்டையை ஒட்டுகிறார்கள், பராமரிப்பு ஆட்கள் வந்து பிய்க்கிறார்கள்.

உங்கள் நிறுவனம் அடுத்து புது அலுவலகத்தின் வரைபடத்தைக் காட்டும்போது, நிறம் பிடித்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். நீங்கள் மூன்றைக் கேளுங்கள். ஏசியை யார் கூட்டிக் குறைப்பது? சத்தமில்லாமல் வேலை பார்க்க எங்கே போவது? நான் வைத்த பொருள் மறுநாளும் அங்கேயே இருக்குமா? பதில் எழுத்தில் வரட்டும்.