காரத்தின் ரசபேதம்

சிறுசேரி சிப்காட் வளாகத்திலிருந்து மாலையில் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் நாசியை வசப்படுத்துவதில், ஹாட் சிப்ஸ் கடையின் வாணலிக்கு நிகர் வேறில்லை. சீவுகட்டையிலிருந்து நேரே எண்ணெயில் விழுந்த வில்லைகள், ஈரம் வற்றும்வரை சலசலத்து, அந்தச் சப்தம் அடங்கிய பதத்தில் அரித்தெடுக்கப்பட்டதும், சூடு தணியுமுன் பொடி தூவிக் குலுக்குவதில் இருக்கிறது கடைக்காரரின் சாமர்த்தியம்.

மிளகாய்ப்பொடி தூவிய உருளைக்கிழங்கு, காரத்தை நுனிநாக்கிலேயே கொடுத்துவிட்டுக் கரைந்துபோகும். மரவள்ளியோ கடினசித்தம் படைத்தது, பல்லோடு சற்று வாதாடிய பிறகே கண்ணில் நீரை வரவழைக்கும். மிளகு தூவிய வாழைக்காய், கிழங்குகளின் அவசரமின்றி, மாவின் இன்சுவையை முன்னே அனுப்பி, காரத்தை நிதானமாகத் தொண்டையில் இறக்கி, நெடுநேரம் நிலைபெறச் செய்கிறது. மிளகாயின் காரம் காப்சைசினாலும் மிளகின் காரம் பைப்பரினாலும் விளைவதே இந்த ரசபேதத்துக்கு மூலகாரணம். மிளகாயும் உருளையும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிக் கடல் கடந்து வந்தவை. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் சுதேசிச் சரக்கு.

அபிமானத்தை ஒதுக்கிவிட்டு, ருசியை மட்டும் பிரமாணமாகக் கொண்டாலும், முதலிடம் மிளகு வாழைக்காய்க்கே. ஆனால் கட்டிவைத்த பொட்டலத்தை விலக்கி, வாணலியிலிருந்து அப்போது இறங்கியதையே கேட்டு வாங்குங்கள்.