அந்த வெற்றி சரியானதுதான்

1951 மார்ச் 29. ஹாலிவுட்டின் பான்டேஜஸ் திரையரங்கில் ஆஸ்கர் விழா. சிறந்த நடிகைக்கான போட்டியில் ஐந்து பேர். ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்துக்காக பெட்டி டேவிஸ், அதே படத்துக்காக ஆன் பாக்ஸ்டர், ‘சன்செட் பூலவார்ட்’ படத்துக்காக குளோரியா ஸ்வான்சன், ‘கேஜ்ட்’ படத்துக்காக எலினோர் பார்க்கர். ஐந்தாவது பெயர் ‘பார்ன் யெஸ்டர்டே’ நாயகி ஜூடி ஹாலிடே. திரையில் கதாநாயகியாக அவருக்கு அதுதான் முதல் படம். பரிசு அவருக்குப் போனது.

அன்றிலிருந்து இன்றுவரை இந்த முடிவை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எல்லோருக்கும் மனப்பாடம்: டேவிஸும் பாக்ஸ்டரும் ஒரே படத்திலிருந்து வந்து ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள், டேவிஸும் ஸ்வான்சனும் மூத்த நடிகை என்ற ஒரே மாதிரி வேடத்தில் மோதிக்கொண்டார்கள், இடையில் புகுந்த புதுமுகம் கோப்பையைத் தட்டிச் சென்றது. டேவிஸின் கணக்கு அந்த ஆண்டு வலுவாகத்தான் இருந்தது. நியூயார்க் திரை விமர்சகர்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கான் விழாவிலும் அவருக்குத்தான் பரிசு. 14 பரிந்துரைகளோடு வந்த ‘ஆல் அபவுட் ஈவ்’ சிறந்த படமாகவும் ஆனது. இத்தனைக்குப் பிறகும், ஹாலிடேயின் வெற்றி அதிர்ஷ்டத்தில் வந்தது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஓட்டு எப்படிப் பிரிந்தது என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, திரையில் அவர் என்ன செய்தார் என்று மட்டும் பார்ப்போம். அதற்கு ஒரே ஒரு காட்சி போதும். ஒரு சீட்டாட்டக் காட்சி.

கதை இதுதான். ஹாரி பிராக் பழைய இரும்பு வியாபாரத்தில் கோடிகள் சேர்த்தவன், முரடன். அரசியல்வாதியை விலைக்கு வாங்க வாஷிங்டன் வந்து பெரிய ஹோட்டலில் தங்கியிருக்கிறான். கூடவே அவனுடைய காதலி பில்லி டான், முன்னாள் மேடை நடனக்காரி. சட்டத்தை ஏமாற்ற அவன் தன் நிறுவனங்களையெல்லாம் அவள் பெயரில் எழுதி வைத்திருக்கிறான். நீட்டிய தாளில் எல்லாம் அவள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறாள். பெரிய மனிதர்கள் நடுவில் அவள் வாயைத் திறந்தால் மானம் போகிறது என்று, அவளுக்கு நாலு விஷயம் சொல்லித்தர பால் வெரால் என்ற பத்திரிகையாளனை அவனே சம்பளத்துக்கு அமர்த்துகிறான். ஹாரியாக பிராடரிக் கிராஃபோர்ட், பாலாக வில்லியம் ஹோல்டன். இயக்கம் ஜார்ஜ் கியூக்கர்.

படத்தின் முற்பகுதியில் ஒரு இரவு. ஹாரியும் பில்லியும் எதிரெதிரே உட்கார்ந்து ஜின் ரம்மி ஆடுகிறார்கள். ஆளுக்குப் பத்துச் சீட்டு. ஒரே எண்ணில் செட்டோ ஒரே இனத்தில் வரிசையோ சேர்த்து, முதலில் முடித்தவர் ‘ஜின்’ என்று இறக்க வேண்டும். வசனம் கிட்டத்தட்ட இல்லை. நிமிடக்கணக்கில் நாம் இரண்டு பேர் சீட்டாடுவதைத்தான் பார்க்கிறோம். ஆனாலும் அரங்கம் சிரித்துக்கொண்டே இருக்கிறது.

ஹாலிடேயின் கைகளைக் கவனியுங்கள். சீட்டு கைக்கு வந்ததும் படபடவென்று இடம் மாற்றி மாற்றிச் செருகுகிறார். அதில் ஒரு நளினம் இருக்கிறது, ஒரு அலட்டலும் இருக்கிறது. கட்டிலிருந்து ஒன்றை எடுக்கிறார், பார்க்கிறார், வைக்க வேண்டிய இடத்தில் வைக்கிறார், வேண்டாததைக் கழிக்கிறார். தயக்கமே இல்லை. எதிரே ஹாரி ஒவ்வொரு சீட்டுக்கும் மூச்சு வாங்குகிறான். அவள் ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுக்கிறாள். அந்த முணுமுணுப்பு அவனைக் குடைகிறது. அதட்டுகிறான். நிறுத்துகிறாள், மறுபடி தொடங்குகிறாள். ‘ஜின்’ என்கிறாள். மறுபடி ஒரு ஆட்டம். மறுபடி ‘ஜின்’. கடைசியில் கணக்குப் பார்த்து அவனிடம் பணம் வசூலிக்கிறாள்.

இந்த இடம் வரை ரசிகர்கள் பில்லியை முட்டாள் என்று நினைத்துத்தான் சிரித்திருப்பார்கள். அவளுடைய கீச்சுக்குரல், சேவல் நடை, எதைக் கேட்டாலும் ‘என்ன?’ என்று பார்க்கும் பார்வை எல்லாம் அப்படி நினைக்க வைக்கும். சீட்டு மேஜையில் அந்த எண்ணம் உடைகிறது. இவளுக்கு நினைவாற்றல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, எதிராளியைப் படிக்கத் தெரிகிறது. அவள் மூளையை யாரும் வேறு எதற்கும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இதை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் சொல்லவில்லை. ஹாலிடே விரல்களாலும் கண்களாலும் சொல்கிறார். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பின்னால் பில்லி பத்திரிகை படிப்பதும், காங்கிரஸ் நூலகத்தில் சுதந்திரப் பிரகடனத்தைப் பார்த்து நிற்பதும், கையெழுத்துப் போட மறுப்பதும் கதாசிரியரின் வசதிக்காக நடந்த அற்புதம் போலத்தான் தெரிந்திருக்கும். இப்போது அது நம்பத்தகுந்த வளர்ச்சியாக இருக்கிறது. படத்தின் முதுகெலும்பை ஒரு சிரிப்புக் காட்சிக்குள் ஊன்றி வைத்துவிட்டார்.

டேவிஸின் மார்கோ சானிங்கையும் ஸ்வான்சனின் நோர்மா டெஸ்மண்டையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. இரண்டும் உலகத்தரம். ஆனால் அந்த இருவரும் நடிகைகளாக நடித்தார்கள். பெரிதாகச் செய்ய வேடமே இடம் கொடுத்தது. முதல் காட்சியிலேயே அவர்கள் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஹாலிடே ஆரம்பித்த இடம் ஒன்று, முடித்த இடம் வேறு. இடைப்பட்ட தூரத்தில் எங்கே பில்லி மாறினாள் என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. அந்தக் குரலும் அந்த நடையும் கடைசிவரை மாறவில்லை. உள்ளே இருக்கும் ஆள் மாறிவிட்டாள். ஐந்து பேரில் கடினமான வேலை அவருடையது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இந்த வேடம் அவருக்குத் தட்டில் வைத்துத் தரப்பட்டதும் அல்ல. கார்சன் கேனின் எழுதிய நாடகத்தில் பில்லியாக நடிக்க வேண்டியவர் அன்றைய பெரிய நட்சத்திரம் ஜீன் ஆர்தர். நியூயார்க் வருவதற்கு முன் வெளியூர்களில் நடத்திப் பார்த்த கட்டத்தில் ஆர்தர் விலகிவிட்டார். 24 வயது ஹாலிடேவுக்கு முழு வேடத்தையும் கற்றுக்கொள்ளச் சில நாட்களே கிடைத்தன. 1946 பிப்ரவரி 4 அன்று பிராட்வேயில் லைசியம் அரங்கில் நாடகம் தொடங்கியது. 1,642 முறை நடந்தது. அதில் மூன்று ஆண்டுகள் ஹாலிடேதான் பில்லி. சீட்டுகள் அந்த விரல்களில் அப்படி விளையாடியதற்கு நாள் தவறாமல் மேடையில் ஆடிய பயிற்சி பின்னால் இருக்கிறது. கியூக்கரும் அதன் அருமை தெரிந்தவர். படப்பிடிப்புக்கு முன் நடிகர்களை ஸ்டூடியோவிலேயே ஆட்கள் முன்னால் நாடகமாக நடிக்கவைத்து, சிரிப்பு எங்கே எழுகிறது, எவ்வளவு நேரம் நீள்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

ஆனால் படவுரிமையை வாங்கிய கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் ஹாரி கோனுக்கு ஹாலிடே வேண்டாம். ரீட்டா ஹேவொர்த் உட்படப் பெரிய பெயர்கள் அடிபட்டன. இங்கேதான் நண்பர்கள் செய்த காரியம் வருகிறது. கேனினும் அவர் மனைவி ரூத் கார்டனும் எழுதி, கியூக்கர் இயக்கி, கேதரின் ஹெப்பர்னும் ஸ்பென்சர் டிரேசியும் நடித்த ‘ஆடம்ஸ் ரிப்’ (1949) படத்தில் டோரிஸ் அட்டிஞ்சர் என்ற வேடம் ஹாலிடேவுக்கு. துரோகம் செய்த கணவனைச் சுட்ட பெண். சிறையில் வழக்கறிஞர் ஹெப்பர்ன் அவரிடம் நடந்ததைக் கேட்கிறார். கேமரா நகராமல், வெட்டு இல்லாமல் பல நிமிடங்கள் நீளும் ஒரே ஷாட். ஹெப்பர்ன் முகத்தைப் பெரும்பாலும் கேமராவிடமிருந்து திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்வையாளரின் கண் ஹாலிடேயை விட்டு நகர வழியே இல்லை. ஹாலிவுட்டின் முதல் வரிசை நட்சத்திரம் ஒரு காட்சி முழுவதையும் புதியவருக்கு விட்டுக்கொடுத்தார். சுட்ட பிறகு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, பசித்தது என்று டோரிஸ் பதில் சொல்லும் இடத்தைப் பாருங்கள். சிரிக்கவைக்கும் எண்ணமே அந்த முகத்தில் இல்லை. கேள்வியை உள்வாங்கி, அந்த நாளை நினைவில் தேடி, கிடைத்த உண்மையைச் சொல்கிறாள். அதனால்தான் சிரிப்பு வருகிறது. கோன் இறங்கிவந்தார்.

அந்த நுட்பம் எங்கிருந்து வந்தது என்றால், கிரீன்விச் வில்லேஜிலிருந்து. நியூயார்க்கில் 1921-ல் பிறந்த ஜூடித் டூவிம் (அதுதான் ஹாலிடேயின் இயற்பெயர்), பள்ளி முடித்ததும் ஆர்சன் வெல்ஸின் மெர்குரி நாடகக் குழுவில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தார். 1938 வாக்கில் பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் ஆகியோருடன் ‘ரெவ்யூவர்ஸ்’ என்ற குழுவாகச் சேர்ந்து வில்லேஜ் வான்கார்ட் விடுதியில் அன்றாட நடப்புகளை வைத்து நையாண்டி நிகழ்ச்சிகள் நடத்தினார். எழுதியதும் அவர்கள், பாடியதும் அவர்கள். சில இரவுகளில் பியானோவில் உட்கார்ந்தவர் இளம் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். மேஜைக்கு மேஜை குடித்துப் பேசிக்கொண்டிருப்பவர்களைத் தன் பக்கம் திருப்ப வேண்டிய இடம் அது. எந்தச் சொல்லுக்கு முன் எவ்வளவு நிறுத்துவது என்பதை அங்கேதான் அவர் கற்றிருக்க வேண்டும்.

1950-ல் ‘ரெட் சேனல்ஸ்’ என்ற கறுப்புப் பட்டியல் புத்தகத்தில் அவர் பெயரும் வந்தது. ஆஸ்கர் வாங்கி ஓராண்டு கூட நிறையாத நிலையில், 1952 மார்ச் 26 அன்று செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு அவரை அழைத்து விசாரித்தது. கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றிக் கேள்விகள். பழைய ரெவ்யூவர்ஸ் நண்பர்களைப் பற்றிக் கேள்விகள். அவர் சண்டை போடவில்லை. கேட்டதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, நிதானமாக, சுற்றிச் சுற்றிப் பதில் சொன்னார். விசாரணை முடிந்தபோது குழுவின் கையில் ஒருவர் பெயர்கூட இல்லை. பில்லி டானாக நடித்துத் தப்பினார் என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். எனக்கு அது போதாது. அந்த அறையில் எத்தனையோ பேர் நண்பர்களைக் காட்டிக்கொடுத்துத் தொழிலைக் காப்பாற்றிக்கொண்ட காலம் அது. பயந்திருக்க எல்லாக் காரணமும் இருந்த ஒரு பெண், நண்பர்களில் ஒருவரையும் கைவிடாமல் வெளியே வந்தார். அதற்கு மூளை மட்டும் போதாது, நெஞ்சுரமும் வேண்டும். அதன் பிறகு சில காலம் வானொலியும் தொலைக்காட்சியும் அவருக்குக் கதவடைத்தன.

கொலம்பியாவுக்காக அவர் செய்த மற்ற படங்களில் ‘ஃபுல் ஆஃப் லைஃப்’, ‘ஃப்ஃபிட்’ ஆகியவற்றைப் பார்க்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஜாக் லெம்மன் முதன்முதலாக முக்கிய வேடத்தில் நடித்த ‘இட் ஷுட் ஹேப்பன் டு யூ’ (1954) நல்ல படம். விளம்பரப் பலகையில் தன் பெயரை மட்டும் எழுதிவைக்கும் பெண் கதை, இன்றைக்கும் பொருந்துகிறது. ஆனால் அவருடைய முழு உயரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ‘தி மேரியிங் கைண்ட்’ (1952) பாருங்கள். குடும்பத்தோடு வெளியே போன ஒரு விடுமுறை நாளில் யுகுலேலி மீட்டி வேடிக்கையாகப் பாடுகிறார். அவருக்குப் பின்னால் ஆட்கள் ஓட ஆரம்பிக்கிறார்கள். பாட்டு தொடர்கிறது. தண்ணீரில் மூழ்கியது அவருடைய பிள்ளை. ஒரே காட்சிக்குள் சிரிப்பிலிருந்து அந்த இழப்புக்கு அவர் போகும் விதத்தைப் பார்த்தவர்கள், இவர் ‘அசட்டு அழகி’ வேடத்துக்கு மட்டும்தான் என்று சொல்ல மாட்டார்கள். ஸ்டூடியோக்கள் அந்தப் பக்கத்தை அவரிடம் மறுபடி கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

மேடை அவரை நன்றாகப் பயன்படுத்தியது. பழைய நண்பர்கள் காம்டனும் கிரீனும் அவருக்காகவே எழுதி, ஜூல் ஸ்டைன் இசையமைத்த ‘பெல்ஸ் ஆர் ரிங்கிங்’ 1956 நவம்பரில் பிராட்வேக்கு வந்தது. கதாநாயகி தொலைபேசிப் பதில் சேவையில் வேலை பார்ப்பவள். 924 காட்சிகள். 1957 டோனி விருதுப் போட்டியில் ‘மை ஃபேர் லேடி’யின் ஜூலி ஆண்ட்ரூஸும் எதெல் மெர்மனும் இருந்தார்கள், வென்றவர் ஹாலிடே. ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டாவது முறை, எல்லோரும் வேறொருவர் ஜெயிப்பார் என்று எதிர்பார்த்த போட்டியில் அவர் ஜெயித்தார். அதிர்ஷ்டம் இப்படித் திரும்பத் திரும்ப ஒரே வீட்டுக் கதவைத் தட்டாது.

1960-ல் வின்சென்ட் மினெல்லி இயக்கத்தில் டீன் மார்ட்டினுடன் ‘பெல்ஸ் ஆர் ரிங்கிங்’ படமானது; அதுவே அவருடைய கடைசிப் படம். அதே ஆண்டு மேடை நடிகை லாரெட் டெய்லரின் வாழ்க்கையை நாடகமாக்கிய ‘லாரெட்’டில் கனமான வேடம் ஏற்றார். வெளியூர் ஓட்டத்திலேயே உடல்நிலை கெட்டு விலக வேண்டியதாயிற்று. மார்பகப் புற்றுநோய். 1963-ல் ‘ஹாட் ஸ்பாட்’ நாடகத்தில் திரும்பி வந்தார். அது 43 காட்சிகளில் மூடப்பட்டது. 1965 ஜூன் 7 அன்று, 44-வது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காலமானார்.

ஜாஸ் கலைஞர் ஜெரி மல்லிகனோடு 1961-ல் அவர் பாடிப் பதிவு செய்த பாட்டுகள் 1980-ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. அவற்றில் சிலவற்றுக்கு வரிகள் எழுதியதும் ஹாலிடேதான். குரல் தாழ்ந்து, மென்மையாக, அவசரமில்லாமல் வருகிறது. பில்லியின் கீச்சுக்குரலை அவருடைய சொந்தக் குரல் என்று நினைத்திருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு கணக்கோடு அந்தக் குரலை அவர் செய்து கொண்டுவந்தார் என்பது காதிலேயே தெரியும்.