வயலைவிடப் பெரியது காடு

ஆக்னஸ் டீனஸ் என்றதும் பலரும் ஒரே புகைப்படத்தைத்தான் நினைப்பார்கள். மன்ஹாட்டன் கட்டடங்களுக்கு முன்னால் விளைந்து நிற்கும் கோதுமை. 1982-ல் பேட்டரி பார்க்கில், கொட்டி நிரப்பி உருவாக்கிய நிலத்தின் இரண்டு ஏக்கரில், லாரி லாரியாக மண் அடித்து, 285 சால்களைக் கையாலேயே போட்டு விதைத்தார்கள். ஆகஸ்டில் அறுவடை. ஆயிரம் பவுண்டுக்கு மேல் மகசூல். நிலத்தின் மதிப்போ 450 கோடி டாலர். இந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுதான் படைப்பே.

ஆனால் வயல் ஒரு வாதம். இடம் மாறினால் வாதம் வலுவிழந்துபோகும். 2015-ல் மிலானின் போர்டா நுவோவாவில், புதிய கோபுரங்களுக்கு நடுவே ஐந்து ஹெக்டேரில் அதே வயலை மறுபடி விதைத்தார். படங்களைப் பார்த்தால் கோதுமை கட்டடங்களை எதிர்ப்பதாகவே தெரியவில்லை. அவற்றுக்கு முற்றம் போட்டுக் கொடுத்தது மாதிரி இருக்கிறது.

1931-ல் புடாபெஸ்டில் பிறந்த டீனஸின் பெரிய சாதனை பின்லாந்தில் இருக்கிறது என்பேன். யுலோயார்வியில், சரளை தோண்டிக் கைவிட்ட இடத்தில், 28 மீட்டர் உயரக் குன்றை எழுப்பி, 1992 முதல் 1996 வரை 11,000 பேர் 11,000 மரங்களை நட்டார்கள். நட்டவருக்கு ஒரு சான்றிதழ் உண்டு. மரத்தை வாரிசுக்கு எழுதி வைக்கலாம், இடம்பெயர்க்க முடியாது. நிலத்துக்கு 400 வருடப் பாதுகாப்பு.

கணித வரிசையில் நட்ட மரங்களைக் காடு என்று சொல்லலாமா, தோப்புதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைக்கு அது தோப்புதான். ஆனால் மரங்கள் சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டே வளராது. சில சாயும், சில தானாக முளைக்கும். வடிவம் கலையக் கலையத்தான் அது காடாகும். தன் கணிதம் அழிய 400 வருடம் அவகாசம் கொடுத்த கலைஞர் வேறு யார்?

எங்கள் மென்பொருள் தொழிலில் ரிலீஸ் அன்றைக்குத்தான் கேக் வெட்டுவோம். அதற்கப்புறம் பத்து வருடம் அதைச் சாகாமல் பார்த்துக்கொள்கிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. சூழலியல் கலையிலும் இதே கதைதான். உருகும் பனி, கரையொதுங்கிய பிளாஸ்டிக் என்று ஒரு நாள் பதற வைக்கும் படைப்புகள் நிறைய வருகின்றன. மறுநாள் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் படைப்புக்குள் எழுதி வைத்தவர்கள் குறைவு. டீனஸ் எழுதி வைத்தார். அதனால் வயலின் புகைப்படத்தைவிட அந்தச் சான்றிதழ் எனக்கு முக்கியமாகப் படுகிறது.