உயிரணுப் பிளவு: பாடநூல் சொல்லாமல் விட்டது

உயிரணு எவ்வாறு இரண்டாகிறது என வினவின், பள்ளியிற் பயின்றோர் நான்கு கட்டங்களைத் தயங்காது ஒப்பிப்பர். குரோமோசோம்கள் தடிக்கும், நடுவில் அணிவகுக்கும், இரு துருவங்களுக்கும் விலகும், இரு கருக்களாகும். இப்பாடம் பிழையன்று. சாலமாண்டர் குஞ்சுகளின் உயிரணுக்களை ஆராய்ந்து வால்தர் பிளெமிங் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882இல் வெளியிட்ட நூலின் ஓவியங்களே அதற்கு மூலம். அவ்வோவியங்களின் நுட்பம் இன்றும் வியக்கத்தக்கது. ஆயினும் ஓவியத்தில் ஒரு குறை உண்டு. உயிரணு நடக்கிறதா, நின்று காத்திருக்கிறதா என்பதை அது காட்டாது. நம் நூலாசிரியர் பலர் அக்குறையை அப்படியே ஏற்றுக்கொண்டனர் என்பதே என் குற்றச்சாட்டு.

1988இல் அமெரிக்காவில் வைனர்ட், ஹார்ட்வெல் எனும் இருவர் ஈஸ்டை ஆராய்ந்தனர். எக்ஸ் கதிர் பட்டு மரபிழை முறிந்தால், இயல்பான ஈஸ்ட் பிளவை நிறுத்திப் பழுதைச் சீர்செய்த பின்னரே பிரியும். ராட்-9 என்னும் மரபணு கெட்ட ஈஸ்டோ, நில்லாது பிரிந்து மடியும். சீர்செய்யும் திறனே அதற்கு இல்லை என்றுதான் எவரும் முடிவு கட்டுவர். ஆனால் ஒரு மருந்தால் அதன் பிளவைச் சில மணி நேரம் வலிந்து நிறுத்தியபோது, மடிய வேண்டியவற்றுட் பல பிழைத்துக்கொண்டன! திறன் இருந்தது, நிற்கத்தான் தெரியவில்லை. ஹார்ட்வெல் 2001இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார்.

குரோமோசோம்களைப் பங்கிடும்போதும் இவ்வாறே. இழைகள் பற்றாத ஒரே ஒரு குரோமோசோம் இருப்பினும் உயிரணு முழுவதும் காத்திருக்கும். 1995இல் ரீடர் குழுவினர், இழை பற்றாத அந்த இடத்தை லேசர் ஒளியால் அழித்தனர். குரோமோசோம் இன்னும் சரியாகப் பற்றப்படவில்லை. எனினும் பிளவு தொடங்கிவிட்டது. 'நில்' என்ற குறிப்பு அவ்விடத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது என்பது தெளிவாயிற்று.

இதனை விடுத்தால் வரும் கேடு சிறிதன்று. புற்றுநோய் என்பது விரைந்து பெருகும் உயிரணு என்று மட்டுமே எழுதிச் செல்கிறோம். பழுது கண்டவிடத்துப் பிளவை நிறுத்தும் பி-53 என்னும் மரபணு, மனிதப் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியிற் சிதைந்திருக்கிறது. விரைவை மட்டும் படித்த மாணவனுக்கு இச்செய்தி எங்ஙனம் விளங்கும்?

படத்திற்குப் படம் அம்புக்குறி இடுவோர், இரண்டாம் படத்திற்கும் மூன்றாம் படத்திற்கும் இடையே ஒரு தடைக்குறியும் இட்டால் பக்கம் நீண்டுவிடுமா என்ன?