ஒரே அடி, பல வடிவம்: உம்மு குல்தூமின் மேடைக்கலை

எகிப்தியப் பாடகி உம்மு குல்தூம் 1975 பிப்ரவரி 3 அன்று கெய்ரோவில் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மொராக்கோ முதல் ஈராக் வரை காப்பிக் கடைகளிலும் வாடகைக் கார்களிலும் அவரது பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. குரல் வளம் பெரிதெனினும், அவையோரின் உணர்வை அந்தக் கணமே உள்வாங்கி, பாடிய அடியையே மீண்டும் புதிதாக்கிய அவரது மேடை முறையே இந்த ஈர்ப்பின் முதற்காரணம்.

நைல் கழிமுகத்துச் சிற்றூரில் இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், இளமையிலேயே குர்ஆன் ஓதக் கற்றார். ஒலிகளின் பிறப்பிடத்தையும் நெடிலின் அளவையும் நிறுத்தும் இடத்தையும் வரையறுக்கும் ‘தஜ்வீத்’ என்னும் ஓதல் நெறியில் பயின்றதால், இசை எவ்வளவு விரிந்தாலும் அவர் பாட்டில் சொல் சிதையவில்லை. 1920களில் கெய்ரோவுக்கு வந்தபின், கவிஞர் அகமது ராமியின் வழிகாட்டலில் கவிதைப் பயிற்சியும் சேர, பொருளறிந்து பாடும் திறன் முழுமை பெற்றது.

1934-இல் தொடங்கிய எகிப்திய அரசு வானொலி, மாதத்தின் முதல் வியாழன் இரவுகளில் அவரது கச்சேரிகளை நேரடியாக ஒலிபரப்பி, அரங்கின் ஆரவாரத்தையும் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. ஒரு பாடல் ஒரு மணி நேரத்தையும் தாண்டும் அக்கச்சேரிகளில், அவையோர் வேண்டும்போது அவர் அதே அடியைத் திரும்ப எடுத்து, ஒருமுறை வேறு சொல்லுக்கு அழுத்தம் தந்தும், ஒருமுறை ‘மகாம்’ எனப்படும், இராகத்தை ஒத்த சுர அமைப்பை மாற்றியும் பாடி, இறுதியில் மூல மகாமுக்கே வந்து நிறைவு செய்வார். பாடுவோரும் கேட்போரும் ஒருங்கே எய்தும் இந்த இசைப் பரவசத்தை அரபு மக்கள் ‘தரப்’ என்பர்.

இப்ராகிம் நாகியின் கவிதைக்கு ரியாத் அல்-சுன்பாதி இசையமைத்து 1966-இல் அரங்கேறிய ‘அல்-அத்லால்’ இம்முறையின் சிகரம். அதில் காதலின் தளையிலிருந்து விடுதலை கேட்கும் அடி, எகிப்து இஸ்ரேலிடம் தோற்ற 1967 போருக்குப் பின் அரசியல் பொருளும் ஏற்றது. முகம்மது அப்துல் வஹாப் இசையமைத்த ‘இந்த உம்ரி’ (1964) மின்சார கிதாரை இசைக்குழுவில் சேர்த்தபோதும், உம்மு குல்தூமின் விரித்துப் பாடும் முறை மாறவில்லை.

ஒலிப்பதிவுக்கூடத்தில் சுருக்கிப் பதிந்த வடிவங்களைவிட, அவையோரின் குரலோடு பதிவான கச்சேரிகளே அவரது கலையை முழுமையாகக் காட்டுவன. அவரை அறிய விரும்புவோர் ‘அல்-அத்லால்’ கச்சேரிப் பதிவொன்றை இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டும்.