அன்னா மணிக்கு எத்தனை மதிப்பெண்?

இயற்பியலாளர் ஒருவரை இன்று ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிடலாம். எச்-இன்டெக்ஸ் என்பது அதன் பெயர். 2005இல் இதை முன்வைத்த ஹோர்கே ஹிர்ஷ் ஒரு செறிபொருள் இயற்பியலாளர்தான். ஒருவருடைய கட்டுரைகளில் பத்தாவது, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. இருபதைத் தொட முதலில் இருபது கட்டுரை வேண்டும்.

இந்த அளவுகோலை அன்னா மணியின் மேல் வைத்துப் பார்ப்போம். வானிலைக் கருவிகளுக்காகவே அவரை நினைவுகூர்கிறோம். அதற்கு முன் அவர் படிகங்களை ஆராய்ந்தவர். 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940இல் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். வைரமும் மாணிக்கமும் எப்படி ஒளிர்கின்றன என்பது கேள்வி. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை ஆராய்ந்தார். கடுங்குளிரில் வைத்த கல்லின் மங்கிய ஒளி போட்டோ தட்டில் பதியப் பதினைந்து, இருபது மணி நேரம்கூட ஆகும். சில நாட்கள் இரவெல்லாம் வேலை. 1942 முதல் 1945 வரை ஐந்து கட்டுரைகள். ஐந்திலும் அவர் பெயர் மட்டுமே.

ஆக, உலகமே மேற்கோள் காட்டினாலும் அந்தப் படிக ஆய்வில் அவருடைய எண் ஐந்தைத் தாண்டாது.

ஏன் ஐந்தோடு நின்றது? 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். இந்திய அறிவியல் கழகத்துக்கு அப்போது பட்டம் தரும் அதிகாரம் இல்லை; சென்னைப் பல்கலைக்கழகம்தான் தர வேண்டும். எம்.எஸ்ஸி. இல்லை என்று சொல்லி அது மறுத்துவிட்டது. பி.எஸ்ஸி. ஆனர்ஸும், அச்சேறிய கட்டுரைகளும், பட்டமேற்படிப்புக்கான உதவித்தொகையும் கணக்கில் வரவில்லை. அரசு உதவித்தொகையில் லண்டன் போனபோது அங்கே கிடைத்தது வானிலைக் கருவிப் பயிற்சி. வைரங்கள் அத்தோடு முடிந்தன.

மேற்கோள் என்பது பேச்சின் நீட்சி. யாரோடு தேநீர் குடித்தோம், யாருடைய மேசையருகே நின்று வாதாடினோம் என்பதெல்லாம் பிறகு அடிக்குறிப்பாகிறது. ராமனின் ஆய்வகத்தில் ஆணும் பெண்ணும் கலந்து பேசுவதற்குத் தடை இருந்ததை, அன்னா மணியிடமே பேசி ஆபா சுர் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் தங்களுக்குள் நடத்திய விவாதங்கள் பெண்களுக்குக் கிட்டவில்லை. பேச்சிலிருந்து விலக்கிவிட்டு, பிறகு மேற்கோளை எண்ணுவது என்ன கணக்கு?

அவர் பதிவு செய்தவை நின்றன. நீலமாக ஒளிரும் வைரங்களில் 4152 ஆங்ஸ்ட்ராமிலும், பச்சை மஞ்சளாக ஒளிர்பவற்றில் 5032 ஆங்ஸ்ட்ராமிலும் தெரியும் கோடுகள் இன்றும் வைர ஆய்வின் அரிச்சுவடி. அவை நைட்ரஜன் கலப்பால் வருபவை என்பது பின்னாளில் தெளிவானது. இந்த ஒளிர்வு கலப்பால் வருவதல்ல, படிக அமைப்பிலேயே உள்ளது என்ற ராமனின் விளக்கம் நிற்கவில்லை.

பட்டம் கிடைக்காததால் தன் வாழ்க்கை மாறிவிடவில்லை என்றே அன்னா மணி சொல்லிவந்தார். அதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அவர் பொருட்படுத்தாதது பல்கலைக்கழகத்தின் கணக்கை நேர் செய்துவிடாது.

நான் வடசென்னையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரிலிருந்து வரும் பெண்கள். ஆய்வுக்குப் போகிறவர்களில் பலர் படிக வளர்ப்பையே தேர்கிறார்கள். பீக்கரில் கரைசலை வைத்து மெல்ல ஆவியாகவிட்டால், யாரும் காவல் இருக்காமலே சில வாரங்களில் படிகம் வளரும். மாலை ரயிலைப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு புது உப்புக்கும் ஒரு கட்டுரை, அதில் ஐந்தாறு பெயர்கள். வழிகாட்டியின் எண் ஏறிக்கொண்டே போகும். இருபது மணி நேர அளவீடு கேட்கும் சோதனையை இவர்களில் யாராவது கேட்டால், இரவில் ஆய்வகத்தைத் திறந்துவைக்கவோ, கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையில் வீடு சேர்க்கவோ எந்த ஏற்பாடும் கிடையாது. விண்ணப்பப் படிவம் மட்டும் எச்-இன்டெக்ஸைக் கேட்கிறது.

அன்னா மணியின் ஆய்வேடு, பட்டம் பெறாமலே, ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. மாணவிகளை அங்கே அழைத்துப் போக பஸ் கட்டணத்துக்கு ஒரு தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். கல்விச் சுற்றுலாப் பட்டியலில் இதற்கு இடமில்லையாம்.