வெள்ளி கடந்த நாளுக்கு ஒரு சிறுநூல்

ஓசூர் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் காதில் விழும். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் இந்தக் கூட்டத்துக்கு வானியலை எப்படிச் சொல்வது? அருமையான விடை ஒன்று 1874-லேயே வந்துவிட்டது.

அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தது. சூரிய வட்டத்தின் மேல் சிறு கரும்புள்ளி ஒன்று சில மணி நேரம் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். ஆனால் பூமியின் பல இடங்களிலிருந்து அந்த நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால் சூரியனின் தொலைவையே கணக்கிடலாம். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதை விளக்கிச் சிறுநூல் எழுதினார். ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் உருதுவிலும் அது வெளிவந்தது. 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர் அவர். பஞ்சாங்கக் கணிதத்திலும் தேர்ந்தவர்.

நூலின் உரையாடல் வடிவம்தான் என்னைக் கட்டிப்போடுகிறது. கேள்வி கேட்பதற்கென்றே நூலுக்குள் ஒருவர் இருக்கும்போது வாசகரின் கூச்சம் விலகிவிடுகிறது. எத்தனை கனிவான உத்தி!

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வழியே ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதைப் பார்க்க வரும் ஓசூர்ப் பிள்ளைகளின் கையில் நான்கு மொழியிலும் இப்படி ஒரு சிறுநூல் இருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக் கடப்பு 2117-இல்தான். ஆனால் இப்படிச் சிறுநூல் எழுத, கிரகணங்கள் அதற்குள் நிறைய வரும்.